கோரைத்திட்டில் சனியும் ஞாயிறும்

காரில் போனவர்கள்:

நெடுஞ்செழியன். வயது முப்பத்தொன்பது. அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். கார் அவருடையது. நீச்சல் தெரியாது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஷோபனா. அவர் மனைவி. மழையில் நனைந்தால் தலைவலி வரும் என்று தைலப் புட்டியோடு வந்திருந்தாள்.

கயல்விழி. நெடுஞ்செழியனின் தங்கை. மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

இனியவன். கயல்விழியின் கணவன். ஒன்பது மாதமாக வேலை இல்லை. நான்கு மாதமாக மனைவியோடு ஒரே வீட்டில் இல்லை.

டிக்கியில் ஒரு கூடாரம் இருந்தது. நான்கு பேர் படுக்கலாம், ஆரஞ்சு நிறம். அது வந்த கதையைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது.

இனியவன் ஆறு வருஷம் ராத்திரி வேலை பார்த்தவன். கனடாவின் வடக்கே ஊரும் முடிந்து ரோடும் முடிந்து, ஏரியும் காடும் மட்டும் இருக்கிற இடங்களில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்களுக்கு இடம் பதிவுசெய்து தரும் கம்பெனி. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. மயிலாடுதுறை வாடகை வீட்டின் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவான். கரடி வந்தால் என்ன செய்வது, ஈர விறகை எப்படிப் பற்றவைப்பது, எந்த ஏரிக்கரையில் எந்த மாதம் கொசு அதிகம் என்று விடிய விடியச் சொல்லுவான். அந்தக் காட்டை அவன் பார்த்ததில்லை. கூடாரத்துக்குள் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. ஒரு வருஷம் முழுக்க ஒரு புகார்கூட வராமல் பேசினான் என்று கம்பெனி அவனுக்குப் பரிசாகக் கூடாரம் அனுப்பியது.

கூரியர் வந்தது போன வருஷம் ஆடி மாதம். கயல்விழிக்கு வயிற்றில் இருந்த பிள்ளை போனதும் அதே ஆடியில்தான்.

ஐந்து மாதம் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டரைக்கு வலி எடுத்தது. வேலை நேரத்தில் பின்னறைக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கவேண்டும் என்பது கம்பெனி விதி. வீட்டுச் சத்தம் லைனில் கேட்கக் கூடாது. அவள் தட்டினாள். அவனுக்குக் கேட்டது. லைனில் ஆள் இருந்தது. பிறகு இரண்டு நாற்பதுக்குச் செல்போனுக்கு எழுதினாள், ரத்தம் போகுது என்று. படித்தான். எதிர்வீட்டு அனீஸா ஓடிவந்து ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இனியவன் காலை ஏழு மணிக்கு ஷிஃப்டை முடித்து, கதவைத் திறந்து, பல் விளக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். இடையில் பதினோரு பேரோடு பேசியிருந்தான். பதினோரு பேரும் திருப்தி என்று பொத்தானை அமுக்கியிருந்தார்கள்.

ஏன் எழுந்து வரவில்லை என்று ஊரே கேட்டது. மாமனார் கேட்டார், டாக்டர் கேட்டார், அனீஸா கேட்ட கேள்வியை எழுத முடியாது. கயல்விழி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று அணைந்திருந்தது. எந்த ராத்திரியில் அணைந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து வேலையை விட்டான். அதனாலும் ஒன்றும் மாறவில்லை. பகலில் தூங்கினான். இருட்டியதும் எழுந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "கொஞ்ச நாளைக்கு உங்க அப்பாகிட்ட போயி இருங்க" என்றாள் கயல்விழி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அப்பா வீட்டுக்குப் போனான். மயிலாடுதுறை வீட்டுச் சாவி அவனோடு போனது. அவள் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை.

போன வாரம் போனில் கேட்டுவிட்டாள். "சாவிய வச்சிக்கிட்டு நீங்க அங்க இருக்கறது நல்லா இல்ல. ஒண்ணு வந்து இருங்க. இல்ல, சாவியக் குடுத்துடுங்க. எது வேணும்னு எனக்கே சொல்லத் தெரியல."

இது நெடுஞ்செழியன் காதுக்குப் போயிற்று. ஆட்களை வெளியே கூட்டிப்போய் நாலு சுற்று ஓடவிட்டால் எந்தச் சிக்கலும் தெளிந்துவிடும் என்று நம்புகிறவர் அவர். "அந்த டென்ட்டு சும்மாத்தானே கெடக்கு? சனி ஞாயிறு நாலு பேரும் எங்கயாவது போயி தங்குவோம். ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஊட்டு வாசல்ல வந்து எறங்குறப்ப, சாவி யாருகிட்ட இருக்கணும்னு நீ சொல்லிடு. அதுக்கு மேல யாரும் ஒன்னைய ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார் தங்கையிடம்.

கயல்விழி சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். அதுதான் பேச்சு.

*

சனிக்கிழமை கிளம்பும்போதே தூறல். ஐப்பசி கடைசி. மணல்மேடு தாண்டும்போது மழை வலுத்தது. இரண்டு பக்கமும் சம்பா நட்டு இருபது நாள் ஆன வயல்கள். பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கண்ணாடியைத் துடைக்கிற கம்பி ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. ஷோபனா பக்கம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றாள் அவள்.

"ஒனக்கு எதுக்குத் தெரியணும்? நானா நீயா ஓட்டுறது?"

"லாரி வந்து இடிச்சா எந்த லாரின்னு தெரிஞ்சிக்கிட்டு போறேன்."

பின்சீட்டில் கயல்விழி சிரிக்கவில்லை. ஆனால் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. இனியவன் அதைப் பார்த்தான். பார்த்தோம் என்று மனசில் குறித்துக்கொண்டான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். வடக்கே இருக்கவேண்டும், ஆள் இருக்கக் கூடாது, தண்ணீர் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆறு வருஷமாக மற்றவர்களுக்கு அவன் சொன்ன விதிகள். இந்த டெல்டாவில் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. வயல் முடிந்தால் வரப்பு, வரப்பு முடிந்தால் ஊர். காடு என்று சொல்லத் தகுந்தது கொள்ளிடத்துக்குள்தான் இருக்கிறது. பாலம் ஏறி வடகரைக்குப் போய், கரை மேலேயே கிழக்காக ஐந்தாறு மைல் போனால், ஆற்றுக்குள் நாணலும் கருவேலமும் மண்டிய ஒரு மணல் திட்டு. கோரைத்திட்டு. கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அன்றைக்கு அதில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர்.

காரைக் கரையில் நிறுத்திவிட்டு மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். எதிரே நடுவயசுப் பெண் ஒருத்தி இருபது ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தாள். மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.

"எங்கய்யா போறீங்க?"

"தங்கப் போறோம்மா" என்றார் நெடுஞ்செழியன். "டென்ட்டு போட்டு."

அவள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஊடு இல்லையா உங்களுக்கு?"

"ஊடு இருக்கு. இது சும்மா, ஜாலிக்கு."

"ஜாலிக்கு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "மூணு நாளா ஆடுவ திட்டுல நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு தானா கரையேறுது. ஆடு ஏறுது, படிச்சவங்க எறங்குறீங்க. நல்லாருங்க."

"பேரு என்னம்மா?"

"அம்சம். அந்தா, கரைமேல தெரியிது பாருங்க, ஓலக் கொட்டா, அதுதான் எங்க ஊடு. எதுன்னாலும் ஒரு கொரல் குடுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு காது கேக்காது. எனக்கு கேக்கும்."

திட்டின் நடு மேட்டில் கூடாரம் எழுந்தது. இனியவன் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. எந்தக் கழி எதில் நுழையும், முளைக்குச்சியை எந்தச் சாய்வில் அடிப்பது, மழைத்துணியை எப்படி இழுத்துக் கட்டுவது, எல்லாம் வாயில் இருந்தது. கைக்கு இப்போதுதான் வந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டுபோய்த் தூரத்தில் ஒரு கருவேலமரக் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டான்.

"அது எதுக்கு மாப்ள?"

"கூடாரத்துக்குள்ள சாப்பாடு வைக்கக் கூடாது மச்சான். வாசனைக்கு கரடி வரும்."

நெடுஞ்செழியன் மழையில் நின்றபடியே குலுங்கினார். "கொள்ளிடத்துல கரடி! ஏய் ஷோபனா, கேட்டியா? புளிசாதம் திங்க கனடாலேருந்து கரடி வருதாம்!"

"நரி வரும்ல அண்ணே" என்றாள் கயல்விழி.

அவள் அவனுக்காகப் பேசி வெகுநாள் ஆயிற்று. அதையும் இனியவன் குறித்துக்கொண்டான்.

*

திட்டில் செல்போனுக்குச் சிக்னல் இல்லை. மேற்கு முனையில் ஒரு மண்மேடு இருந்தது. அப்பா தனியாக இருக்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லலாம் என்று இனியவன் மேட்டில் ஏறினான். இரண்டு கோடு வந்தது. அப்பா எடுக்கவில்லை. கையில் போன் அதிர்ந்தது. மாவட்ட நிர்வாகத்திலிருந்து செய்தி. சாயந்தரம் ஐந்து பத்து.

கொள்ளிடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கன அடி திறந்துவிட்டிருக்கிறார்கள். கரையோரமும் திட்டுகளிலும் இருப்பவர்கள் உடனே மேடான இடத்துக்குப் போகவேண்டும்.

நின்று முழுதாகப் படித்தான். இந்த மாதிரிச் செய்தியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வெள்ளம், காட்டுத்தீ, புயல் எதுவானாலும் வாடிக்கையாளரிடம் மூன்று தடவை சொல்லவேண்டும். எண்ணைச் சொல்லவேண்டும். புரிந்தது என்று அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லைனை வைக்கலாம்.

கூடாரத்துக்குத் திரும்பினான். நெடுஞ்செழியன் சின்ன கேஸ் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டு பேரும் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், ஆத்துல தண்ணி தொறந்திருக்காங்களாம்."

"யாரு சொன்னா?"

"மெசேஜ் வந்துச்சு."

நெடுஞ்செழியன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். அவர் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. "மாப்ள, நான் கடைமடைக்காரன். மேட்டூர் தொறந்தாச்சுன்னு டிவில பூ தூவுவான். எங்க வாய்க்காலுக்கு வந்து சேர பதினஞ்சு நாளு ஆவும். அதுவும் எலி மூத்தரம் மாதிரி. எங்க அப்பாரு காலத்துலேருந்து தண்ணி எங்களுக்கு சொன்ன நேரத்துக்கு வந்ததே கெடையாது. நாம நாளைக்கு ஊட்டுக்குப் போயி குளிச்சி தூங்கி எந்திரிச்ச பெறவு வரும். இந்தா, டீயக் குடி."

கடைமடைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வாய்க்கால் தண்ணீர் நூறு மதகு தாண்டி, தலைமடைக்காரன் குடித்து, நடுமடைக்காரன் குடித்து, மிச்சம் இருந்தால் வரும். அதற்காகக் காத்திருந்து காத்திருந்தே வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் தாமதம். கொள்ளிடத்துத் தண்ணீரை வழியில் யாரும் நிறுத்திக் குடிப்பதில்லை. வேண்டாத தண்ணீரைக் கடலுக்குத் தள்ளுகிற ஆறு அது. நேரே வரும்.

எவ்வளவு என்று நெடுஞ்செழியன் கேட்கவில்லை. இனியவனும் சொல்லவில்லை. லட்சம் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் கடைமடைக்காரனும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பார். டெல்டாவில் பிறந்தவனுக்கு அந்த எண்ணை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் மூட்டை கட்டவேண்டும். சனிக்கிழமை ராத்திரியே வீட்டு வாசலில் போய் இறங்கவேண்டும். ஞாயிறு சாயந்தரம் என்று பேசியிருந்தது. பேசியபடி ஞாயிறு சாயந்தரம் வரை இருக்கவேண்டும். இவ்வளவுதான் அவன் தலையில் ஓடியது. பயம் என்று ஒன்று வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தான். வரவில்லை. டீயைக் குடித்தான். சர்க்கரை அதிகம்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. வெளிச்சம் இறங்கும் நேரத்தில் கயல்விழி கூடாரத்து வாசலில் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். ஆற்றைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு நான் தட்டுனப்ப, லைன்ல யாரு?"

ஒன்றேகால் வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். அவன் யோசிக்கவே தேவையில்லாமல் சொன்னான். "ஒரு வயசானவரு. பொண்டாட்டியோட ஏரிக்கரையில டென்ட்டு போட்டிருந்தாரு. ரெண்டு நாளா மழை. எப்ப நிக்கும்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாயித்துக்கெழம நின்னுடும்னேன்."

"நின்னுச்சா?"

"தெரியல. ஒரு தடவ பேசுனவங்க மறுபடியும் நமக்கு வர மாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கிற விஷயம் ஒன்றுமில்லை. எங்கேயோ அடைத்திருந்தது அந்த வழியாக வெளியே வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளுக்கு மழ நிக்கிறதுக்காக நான் கதவத் தட்டிக்கிட்டு நின்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சாவி கையில இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு."

"நாளைக்கு நீங்களே தொறங்க. உள்ள போயி பேசிக்கலாம்."

முடிவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. இப்போதாவது எண்ணைச் சொல்லியிருக்கலாம். கார் கரையில் நின்றது, ஓடை முழங்கால் அளவுதான் இருந்தது, இருட்ட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இனியவன் வாயைத் திறந்தான். "குளிருதா?" என்று கேட்டான்.

*

காலை ஏழு மணிக்கு ஷோபனாதான் முதலில் பார்த்தாள். ஒதுங்கப் போனவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏங்க! ஓடையக் காணும்!"

ஓடை இருந்தது. அது இப்போது ஆறாக இருந்தது. நேற்று இருபது அடி அகலத்தில் நடந்து வந்த இடம் அறுபது எழுபது அடிக்கு விரிந்து, காவி நிறத்தில், வேரோடு பிடுங்கின நாணலையும் ஒரு செத்த கன்றுக்குட்டியையும் சுமந்துகொண்டு போயிற்று. கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் பத்தடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டடி.

"மழத்தண்ணிதான், வடிஞ்சிடும்" என்றார் நெடுஞ்செழியன். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "மாப்ள, நீ போயிடுவியா நீந்தி?"

"நீங்கதான் பி.டி. மாஸ்டர்."

"எனக்கு நீச்சல் தெரியாதுய்யா."

ஷோபனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பதினாறு வருஷமா மாவட்ட நீச்சல் போட்டிக்கு நடுவரா போறீங்களே!"

"நடுவர் எதுக்குடி நீந்தணும்? கரையில விசில் ஊதணும்!"

அந்த நேரத்திலும் கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. இனியவன் கரையைப் பார்த்துக் கைகளை வாய்க்குக் குவித்து அம்சத்தைக் கூப்பிட்டான். மூன்றாவது குரலுக்கு அவள் வெளியே வந்தாள். பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். புருஷன் மருதையனை இழுத்துக்கொண்டு வந்தாள். காது கேட்காத மருதையனுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரையோடு மேற்கே நூறடி நடந்து, ஒரு காலி எண்ணெய்க் கேனை வடக்கயிற்றின் நுனியில் கட்டித் தண்ணீரில் விட்டார். மறுநுனி கரையில் ஒரு பனைமரத்தில் இருந்தது. இழுப்பு கேனைச் சுழற்றிக் கொண்டுவந்து திட்டின் ஓரத்தில் சேர்த்தது. இனியவன் இடுப்பளவு இறங்கி அதைப் பிடித்தான். கருவேலமரத்தில் கட்டினான். முடிச்சு சரியாக விழுந்தது. அந்த முடிச்சையும் அவன் நூறு பேருக்குப் போனில் சொல்லியிருக்கிறான்.

ஷோபனா முதலில் போனாள், முருகா முருகா என்று கத்திக்கொண்டே. அவளுக்குப் பின்னால் நெடுஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டு போனார். நடு ஓடையில் அவருக்குத் தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. கயல்விழி குட்டை.

கூடாரம், மூட்டை, அவள் கைப்பை எல்லாம் அங்கேயே கிடந்தன. எடுக்க நேரமில்லை. கயல்விழி கயிற்றைப் பிடித்து இறங்கினாள். இனியவன் அவளுக்கு ஒரு கை பின்னால். பாதி தூரத்தில் தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தது. கால் தரையை விட்டது. இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அசையவில்லை.

இனியவன் பேசினான். "உங்களோட பதட்டம் எனக்குப் புரியுது. இது ரொம்ப சாதாரணமா எல்லாருக்கும் வர்றதுதான். இப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து வலது கைய மட்டும் ஒரு அடி நகர்த்தப்போறோம். சரிங்களா?"

கயல்விழி தலையைத் திருப்பினாள். தண்ணீர் அவள் வாயில் அடித்துக்கொண்டிருந்தது.

"யாருகிட்ட பேசுறீங்க?"

"உங்கிட்டதான்."

"இந்தக் கொரல் வேணாம். கதவுக்கு வெளிய நின்னு இந்தக் கொரலத்தான் கேட்டேன். திட்டுங்க. வாடின்னு கூப்புடுங்க. கத்துங்க."

இனியவன் முயன்றான். மெய்யாகவே முயன்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய இனியவன் அவளை எப்படிக் கூப்பிடுவான் என்று தேடினான். ஆறு வருஷத்துக்கு அப்பால் எங்கேயோ ஓர் ஆள் இருந்தான். கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை.

"சரி, கயல்" என்றான். அதுவும் அந்தக் குரலிலேயே வந்தது.

அவள் அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரைப்பக்கம் முகத்தைத் திருப்பி, கையை மாற்றி மாற்றி வைத்து, தானாகவே போய்ச் சேர்ந்தாள். அவன் பின்னால் போனான். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கியிருந்தது. முளைகள் பிடுங்கிக்கொண்டன. ஆரஞ்சு நிறம் நாணலுக்கு நடுவே கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

அம்சம் சுடுதண்ணீர் கொடுத்தாள். பழைய துணி கொடுத்தாள். திட்டுவதையும் நிறுத்தவில்லை. "ராவெல்லாம் நெனச்சேன், பொழுது எறங்கங்காட்டியும் வந்திருப்பீங்கன்னு. நேத்து சாயந்தரமே எல்லா போன்லயும் வந்துச்சே! எனக்கே வந்துச்சு, எனக்கு படிக்கத் தெரியாது, எம் மவ படிச்சி சொன்னா. லச்சத்து இருவதாயிரம்னு. அந்த மேட்டுல நின்னு இந்தத் தம்பி போனப் பாத்துக்கிட்டு நின்னாரே, ஒங்களுக்கு வரலையா?"

நெடுஞ்செழியன் துவட்டிக்கொண்டிருந்த துண்டைக் கீழே போட்டார். "லட்சமா?"

ஓலைக்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாப்ள. நீ தொறந்திருக்காங்கன்னு மட்டும்தானே சொன்ன? லட்சம்னு சொல்லலியே."

"நீங்க கேக்கல மச்சான்."

நெடுஞ்செழியனுக்கு முகம் சிவந்தது. பிறகு தங்கையைப் பார்த்துவிட்டு அடங்கினார். "என்மேலயும் தப்புதான் கயல். நான்தான் சிரிச்சேன். கடைமட புத்தி. தண்ணின்னா வராதுன்னே நெனப்பு."

"நீ சிரிச்ச அண்ணே. நம்பரு அவருகிட்ட இருந்துச்சு" என்றாள் கயல்விழி. அம்சத்தின் மகளுடைய பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் பொத்தான் ஒன்று இல்லை. புருஷனிடம் கேட்டாள், கணக்கு டீச்சர் கேட்பதுபோல.

"மெசேஜ் எத்தன மணிக்கு வந்துச்சு?"

"அஞ்சு பத்து."

"நான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தது?"

"அஞ்சேமுக்கால்."

"அன்னைக்கு நான் அனுப்புனது?"

"ரெண்டு நாப்பது."

"நீங்க கதவத் தொறந்தது?"

"ஏழு."

அவள் தலையை ஆட்டினாள். எல்லா விடையும் சரி.

*

அம்சம் வீட்டிலிருந்து கிளம்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. திரும்பும் வழி முழுக்க மழை. கண்ணாடிக் கம்பி ஷோபனா பக்கம் இன்னும் வேலை செய்யவில்லை. அவள் ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணல்மேட்டில் நிறுத்தி நெடுஞ்செழியன் நான்கு டீ வாங்கிவந்தார். குடித்தார்கள். பாலத்தில் ஆட்கள் நின்று ஆற்றைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள்.

மயிலாடுதுறை வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி நான்கு. சாயந்தரம் என்று சொல்லலாம். எதிர்வீட்டு வாசலில் அனீஸா மழைத்தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்குவதற்குள் கோழி மாதிரி நனைந்துவிட்ட இருவரையும் பார்த்தாள். "என்னடி, மீன் புடிச்சீங்களா?" என்று ஆரம்பித்தவள், கயல்விழியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து உள்ளே போனாள். நெடுஞ்செழியன் இன்ஜினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயல்விழியின் சாவி கைப்பையோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருந்த ஒரு சாவி இனியவனிடம். பழைய பூட்டு; ஒரு சுற்றில் பிடிக்காது, இரண்டு சுற்று வேண்டும். திறந்தான். கதவைத் தள்ளி வழிவிட்டான்.

அவள் உள்ளே போனாள். ஒரு துண்டோடு திரும்பி வந்து நிலைப்படியில் நின்று நீட்டினாள். அவன் வெளிப்படியில் நின்றே தலையைத் துவட்டினான். அவளுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. கூடத்துக்கு அந்தப் பக்கம் பின்னறைக் கதவு. அது விரியத் திறந்திருந்தது. உள்ளே துணி காயப்போட்டிருந்தாள்.

"மெசேஜப் படிச்சப்ப என்ன தோணுச்சு உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். பயந்துபோனேன், உன்னை இழந்துவிடுவேனோ என்று வாயடைத்துவிட்டது, இப்படி எதையாவது. கேட்கிறவரைத் திருப்திப்படுத்தும் வாக்கியங்கள் அவனிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன.

"ஒண்ணும் தோணல" என்றான்.

"தெரியும்" என்றாள் கயல்விழி. "எந்தலைக்கு மேல தண்ணி போயிருந்தாலும் தோணியிருக்காது. அதத் தெரிஞ்சிக்கிட்டு என்னால இங்க படுத்துத் தூங்க முடியாது."

கையை நீட்டினாள். அவன் துண்டைக் கொடுத்தான். அவள் கை நீட்டியபடியே இருந்தது. சாவியையும் வைத்தான்.

"சாப்புடாமப் போவாதீங்க. அண்ணங்கிட்ட சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுல நிறுத்தச் சொல்லி."

"சரி."

அவன் திரும்பிப் படியிறங்கினான். மூன்று படி. இரண்டாவது படியில் கால் வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு சுற்று திரும்பியது. சற்று நின்று, இரண்டாவது சுற்றும் திரும்பியது.